குறைமாவு உணவுமுறையில் துணை உணவு: எதை வாங்குவது, எதை விடுவது?

மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்) குறைத்துக் கொழுப்பைக் கூட்டி உண்ணத் தொடங்கியவர்களின் கேள்விகளில் பெரும்பகுதி துணை உணவைப் பற்றியதாகவே இருக்கிறது. கடையில் எதை எடுப்பது, பொட்டலத்தில் எதைப் படிப்பது என்பதையொட்டிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றைச் சமைத்துக்கொள்வதில் எனக்குச் சிக்கல் இல்லை. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு மூன்றையும் நிறுத்திய பிறகு தட்டில் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது. காய்கறிகளில் எவற்றை வாங்கலாம்? அவற்றை வயிறு நிறையும்படி எப்படிச் சமைப்பது?

பதில்: காலியான அந்த இடத்தை நிரப்பக் காய்கறிகளும் கீரைகளுமே போதும் என்பதை எண்களே காட்டிவிடும். 100 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 28 கிராமும், வேகவைத்த உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 20 கிராமும் மாவுச்சத்து இருக்கின்றன. அதே எடையுள்ள பச்சைக் காலிஃபிளவரில் மொத்தமே 5 கிராம்தான். அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. நார்ச்சத்தைக் கழித்துப் பார்த்தால் பசலைக்கீரையில் ஒன்றரை கிராமும், காளானிலும் சுக்கினியிலும் ஏறக்குறைய 2 கிராமும், முட்டைக்கோஸிலும் கத்தரிக்காயிலும் 3 கிராமும், ப்ரோக்கோலியிலும் பச்சை பீன்ஸிலும் 4 கிராமும் இருக்கும். நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் என்ற கடுமையான வரம்புக்குள் இருப்பவர்கள்கூட இவற்றைத் தாராளமாக உண்ணலாம்.

மண்ணுக்கு மேலே விளையும் இலை, தண்டு, பூ ஆகியவை மாவுச்சத்தில் குறைந்தவை என்றும், மண்ணுக்குள் விளையும் கிழங்குகளும், விதைகளும் மாவுச்சத்தில் நிறைந்தவை என்றும் நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் பெரும்பாலும் தடுமாற்றம் வராது. பச்சைப் பட்டாணியும் இனிப்புச் சோளமும் செடியின் மேற்பகுதியில் விளைந்தாலும் அவை விதைகள் என்பதால் விலக்கப்பட வேண்டியவை. கேரட், பீட்ரூட், வெங்காயம் ஆகிய மூன்றிலும் நார்ச்சத்து நீங்கலாக ஏறக்குறைய 7 கிராம் இருப்பதால் அவற்றைச் சுவைக்காகச் சிறிதளவு சேர்க்கலாம். தட்டை நிரப்பும் அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வயிறு நிறைவதற்குக் காய் மட்டும் போதாது, அதோடு சேரும் கொழுப்பும் வேண்டும். காலிஃபிளவரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர்தான். அதை வெறுமனே வேகவைத்து உண்டால் ஒரு மணி நேரத்திலேயே பசிக்கும். வெண்ணெய், ஆலிவ் எண்ணெய், பாலேடு (கிரீம்), சீஸ், அவகாடோ ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேரும்போதுதான் அது ஒரு வேளை உணவின் பகுதியாகிறது. கீரையிலும் பச்சைக் காய்களிலும் உள்ள கரோட்டின் வகைச் சத்துகளும் வைட்டமின் கே போன்றவையும் கொழுப்புடன் சேரும்போதே உடலில் நன்றாக ஏறுகின்றன என்பதும் இதற்கு வலுச் சேர்க்கிறது.

முட்டைக்கோஸைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். அதை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, அகன்ற சட்டியில் வெண்ணெயை உருக்கி, மிதமான தீயில் மூடாமல் அவ்வப்போது புரட்டிக்கொண்டே இருந்தால், முதலில் அது சுருங்கும்; பிறகு நீர் வற்றும்; அதன் பின் ஓரங்கள் பொன்னிறமாகி இனிப்பு வாசம் எழும். அந்த நிலைக்கு முன்பே இறக்கிவிடுபவர்கள்தாம் முட்டைக்கோஸ் சப்பென்று இருப்பதாகச் சொல்கிறார்கள். காலிஃபிளவரையும் அப்படியே நடத்த வேண்டும்: பூக்களைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, எண்ணெயில் புரட்டி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்புப் பெட்டியில் (ஓவன்) வைத்தால் விளிம்புகள் கருகலாகச் சிவந்து வரும். தட்டில் நெருக்கி அடைத்தால் வெளியேறும் ஆவியிலேயே வெந்து குழைந்துவிடும். பசலைக்கீரையைப் பூண்டுடன் வதக்கிப் பாலேட்டில் சுருட்டி எடுப்பது, காளானை முதலில் வெறும் சட்டியில் நீர் வற்றும்வரை வாட்டிப் பிறகு வெண்ணெய் சேர்ப்பது, வேகவைத்து நன்கு வடித்த காலிஃபிளவரை வெண்ணெயும் சீஸும் சேர்த்து மசிப்பது, வெள்ளரிக்காயையும் அவகாடோவையும் எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் விட்டுக் கலப்பது ஆகியவை அன்றாடம் மாற்றி மாற்றிச் செய்யத்தக்கவை. சுக்கினியை மட்டும் நறுக்கியதும் உப்புத் தூவிச் சிறிது நேரம் வைத்து, ஊறிவரும் நீரைப் பிழிந்துவிட்டுச் சமையுங்கள்.

கேள்வி: பொடியாக நறுக்கி உறையவைத்த காலிஃபிளவர் 'அரிசி' பொட்டலத்தில் கிடைக்கிறது. வாங்கலாமா, முழுப்பூவை வாங்கி நாமே துருவுவது நல்லதா?

பதில்: சேர்மானப் பட்டியலில் காலிஃபிளவர் என்ற ஒரே சொல் மட்டும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். உறையவைத்த காய்களில் சத்து பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. வாடிய காயைவிட அவை மேலானவை. விலையை ஒப்பிடும்போது முழுப்பூவில் இலையும் தடித்த அடித்தண்டும் கழிவாகப் போவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இளந்தண்டையும் துருவிச் சேர்ப்பவர்களுக்கு முழுப்பூவே சிக்கனமானது. பொட்டலத்தைப் பனி விலகும்வரை வெளியே வைக்காமல், நன்கு காய்ந்த அகன்ற சட்டியில் நேராகக் கொட்டி, ஈரம் முழுவதும் ஆவியான பிறகே கொழுப்பைச் சேர்க்க வேண்டும்.

காலிஃபிளவர் படத்தைப் பெரிதாக அச்சிட்டு விற்கப்படும் பீட்சா அடித்தளம், பொரித்த துண்டுகள், ரொட்டி வகைகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை மிகுந்த கவனம் தேவை. அவற்றில் பலவற்றை அரிசி மாவும் சோள மாவும் உருளைக்கிழங்கு மாவுமே தாங்கிப் பிடிக்கின்றன. சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுவதால், முதல் மூன்று சொற்களில் ஏதேனும் ஒரு மாவு தென்பட்டால் அந்தப் பொருளைத் திரும்ப வைத்துவிடலாம்.

கேள்வி: ஒரு பொட்டலத்தில் மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்துக் கணக்கிட வேண்டும் என்கிறார்கள்; இன்னொன்றில் கழிக்கக்கூடாது என்கிறார்கள். மேலும், பாலேட்டு டப்பாவில் மாவுச்சத்து 0 என்று அச்சிட்டிருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், பொருள் எந்த நாட்டுச் சட்டப்படி அச்சிடப்பட்டது என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்க முறையில் மொத்த மாவுச்சத்து என்ற வரிக்குள் நார்ச்சத்தும் அடங்கியிருக்கும். எனவே கழித்தால்தான் நிகர அளவு கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றிய முறையில் மாவுச்சத்து என்று காட்டப்படும் எண்ணிலேயே நார்ச்சத்து நீக்கப்பட்டு, அது தனி வரியில் தரப்படுகிறது. அதிலிருந்து மறுபடியும் கழிப்பவர் தாம் உண்ணும் அளவைக் குறைத்து மதிப்பிடுகிறார். முறை எதுவென்று தெரியாவிட்டால் கழிக்காமல் கணக்கிடுவதே பாதுகாப்பானது. இறக்குமதிப் பொருள்கள் ஒரே அலமாரியில் கலந்து நிற்கும் இக்காலத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

பாலேட்டுக்கு வருவோம். அமெரிக்க விதிப்படி, ஒரு பரிமாறும் அளவில் மாவுச்சத்து அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் அதை 0 என்று அச்சிடலாம். பாலேட்டில் பரிமாறும் அளவு பெரும்பாலும் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி லிட்டர். அதில் ஏறக்குறைய 0.4 கிராம் இருப்பதால் 0 என்று வந்துவிடுகிறது. அதே பாலேட்டை ஒரு கோப்பை ஊற்றிக் கீரை சமைத்தால் 6 கிராமுக்கும் மேல் சேர்ந்துவிடும். நான்கு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்றரை கிராம்தான் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை; ஆனாலும் 0 என்ற எண்ணை நம்பி அளவின்றி ஊற்ற வேண்டாம். 100 கிராமுக்கான அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதையே பாருங்கள்.

கேள்வி: சாலட்டுக்கு மயோனைஸும், காய்களுக்குத் துருவிய சீஸும் அடிக்கடி வாங்குகிறேன். 'லைட்' வகை உடலுக்கு நல்லது என்று கடையில் பரிந்துரைத்தார்கள்.

பதில்: உங்கள் உணவுமுறைக்கு அந்தப் பரிந்துரை நேர் எதிரானது. அமெரிக்கத் தரவிதிப்படி மயோனைஸ் என்ற பெயரில் விற்க எடையில் 65 விழுக்காடாவது தாவர எண்ணெய் இருக்க வேண்டும். 'லைட்' வகையில் அந்த எண்ணெயைக் குறைத்துவிட்டு, அதன் இடத்தில் தண்ணீரையும், அதைக் கெட்டியாக்க மாற்றியமைத்த ஸ்டார்ச்சையும், பல நேரங்களில் சர்க்கரையையும் சேர்க்கிறார்கள். நீங்கள் வேண்டும் என்று நினைப்பது போய், வேண்டாம் என்று ஒதுக்கியது உள்ளே வருகிறது. பாட்டிலில் வரும் பெரும்பாலான சாலட் குழம்புகளிலும் (டிரெஸ்ஸிங்) இதே சர்க்கரைச் சிக்கல் உண்டு. ஆலிவ் எண்ணெய் மூன்று பங்கு, வினிகர் ஒரு பங்கு, சிறிது கடுகு விழுது, உப்பு ஆகியவற்றை மூடியுள்ள குப்பியில் இட்டுக் குலுக்கினால் சாலட்டுக்கு வேண்டியது கிடைத்துவிடும் என்பதால், அதைக் காசு கொடுத்து வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. மயோனைஸை வீட்டில் செய்வதானால் அதில் பச்சை முட்டைக்கரு சேர்கிறது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் முதியவர்களும் உண்பதாக இருந்தால் பாஸ்டரைஸ் செய்த முட்டையையே பயன்படுத்துங்கள்.

துருவிய சீஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவப்பட்டிருக்கும். அளவு சிறிதுதான் என்றாலும், கட்டியாக வாங்கித் துருவிய சீஸ் பாலேட்டில் வழவழப்பாகக் கரைகிறது. தூவல் உள்ளது திரிதிரியாக நிற்கிறது. வெண்ணெயிலும் பெயரை ஒருமுறை சரிபாருங்கள்: வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு பால்கொழுப்பு இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு உணவுத் தரம், 'ஸ்ப்ரெட்' என்று எழுதியவை வேறு பொருள்கள்.

கேள்வி: 'கீட்டோ' என்று அச்சிட்ட சிப்ஸ், ரொட்டி போன்றவற்றைத் துணை உணவாகக் கொள்ளலாமா?

பதில்: மாவுச்சத்தை மிகக் குறைத்த உணவைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட சட்ட வரையறை எதுவும் இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 'குறைந்த மாவுச்சத்து' என்ற உரிமைக்கோரலை வரையறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்துள்ள ஊட்டச்சத்து உரிமைக்கோரல்களின் பட்டியலிலும் அது இல்லை. ஆகவே முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கப்படும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர் இருந்தால் அது சர்க்கரைக்கு இணையாகவோ அதைவிட வேகமாகவோ ரத்தச் சர்க்கரையை ஏற்றும். இனிப்புச் சுவையுள்ள பொருள்களில் மால்டிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹால் இருந்தால், சர்க்கரையில் பாதியளவு ஆற்றலை அது தரும்; ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும்; மிகுந்தால் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். உற்பத்தியாளர்கள் அதை முழுமையாகக் கழித்துவிட்டு நிகர அளவைப் பெரிய எழுத்தில் போடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

கேள்வி: எனக்கு நீரிழிவு உண்டு, மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சோற்றுக்குப் பதிலாக இன்றே காய்கறிக்கு மாறிவிடலாமா?

பதில்: மருத்துவரிடம் பேசாமல் மாறாதீர்கள். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென மாவுச்சத்தை நிறுத்தினால், அதே அளவு மருந்து ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளை எடுப்பவர்களுக்குக் கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தம் அமிலத்தன்மை அடையும் அபாயம் கூடுகிறது. சர்க்கரை அதிகம் உயராமலேயே அது வரக்கூடும் என்பதால் கவனிக்காமல் போகவும் வாய்ப்புண்டு. மருந்தின் அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைப் பாதிக்கும். மருந்து எதுவும் எடுக்காதவர்களும் தொடங்கும் முன்பும் சில மாதங்களுக்குப் பின்பும் ரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கணிசமாக உயர்கிறது.

கேள்வி: சமைக்க நேரமில்லாத நாளில் கொட்டை வகைகளைத் துணை உணவாக வைத்துக்கொள்ளலாமா? எதை வாங்குவது?

பதில்: வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாக் கொட்டைகளும் ஒன்றல்ல. 100 கிராமில் நார்ச்சத்து நீங்கலாகப் பீக்கனில் ஏறக்குறைய 4 கிராம், மக்கடேமியாவில் 5, வால்நட்டில் 7, பாதாமில் 9 என்று இருக்க, முந்திரியில் மட்டும் 27 கிராம் இருக்கிறது. கலவைப் பொட்டலங்களில் முந்திரியும் உலர்திராட்சையும் நிறைந்திருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்குங்கள். மசாலா பூசியவற்றில் மாவும் சர்க்கரையும் பூச்சாக வரும். வறுத்து உப்பு மட்டும் சேர்த்தவையே ஏற்றவை. பொட்டலத்திலிருந்து நேராக உண்ணாமல் 30 கிராமை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மீதியை மூடி வையுங்கள். பெரிய பொட்டலம் வாங்கினால் கொட்டைகளின் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலிருக்கக் காற்றுப்புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வால்நட்தான் மற்றவற்றைவிட விரைவாகக் கெடும்.