நினைவுத் தங்க நாணயம் சேர்க்க ஆசை, எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி, ஒரு நாட்டின் ஆண்டு விழாவுக்காக வெளியிட்ட தங்க நாணயங்களைப் பற்றியது. நான் கனடாவின் 1967 இருபது டாலரைத்தான் சொல்வேன், அதுவும் பெட்டியோடு.

1867ல் கூட்டாட்சியாக அமைந்த கனடா தன் நூறாவது வருடத்துக்கு அடித்த நாணயம் அது. எடை 18.27 கிராம், 90 சதவீதம் தங்கம், மீதி செம்பு. நம் நகைக்கடைக் கணக்கில் 22 காரட்டுக்குக் கொஞ்சம் கம்மி, சுத்தத் தங்கம் மட்டும் ஏறக்குறைய 16.4 கிராம், இரண்டு பவுன் எடையைத் தாண்டிவிடும். அப்போது தங்கம் அவுன்ஸுக்கு (தங்கக் கணக்கில் 31.1 கிராம்) 35 அமெரிக்க டாலர், அதைக் கனடிய டாலருக்கு மாற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் பொன்னும் கிட்டத்தட்ட 20 டாலர்தான் வருகிறது! மேலே போட்ட தொகைக்கு உள்ளே நிஜமாகவே தங்கம் இருந்திருக்கிறது, இன்றைய நினைவு நாணயங்களில் இதை நான் பார்த்ததில்லை.

மூன்று லட்சத்துக்கும் மேல் அடித்ததால் அபூர்வம் இல்லை. தொடங்குபவருக்கு அதுதான் நல்லது, தங்க விலையை ஒட்டியே கிடைக்கும்.

ஏன் பெட்டியோடு என்றால், தங்க நாணயத்தில் ஒரு பக்கம் எலிசபெத் ராணி, மறுபக்கம் அரசுச் சின்னம், அவ்வளவுதான். பெட்டியில் அதோடு கூட இருக்கும் ஆறு சில்லறைகள்தான் உயிர். ஓவியர் அலெக்ஸ் கோல்வில் வரைந்தவை: ஒரு சென்ட்டில் புறா, ஐந்தில் முயல், பத்தில் கானாங்கெளுத்தி மீன், இருபத்தைந்தில் காட்டுப்பூனை, ஐம்பதில் ஊளையிடும் ஓநாய், ஒரு டாலரில் சிறகை விரித்த கனடா வாத்து. தேச விழா என்றதும் தலைவர்களையும் கட்டடங்களையும் போடாமல் அந்த மண்ணில் ஓடுகிற, நீந்துகிற, பறக்கிற உயிர்களைப் போட்டார் பாருங்கள், அந்த முயலை இன்னும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஏழும் சேர்ந்து அன்று 40 டாலருக்கு விற்றார்கள். தங்க விலை ஏறியபோதெல்லாம் தங்கத்தை மட்டும் உருவி உருக்கப் போட்டவர்கள் நிறையப் பேர், அதனால் கலையாத பெட்டி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம்.

கறுப்புப் பெட்டியா என்று பாருங்கள். சிவப்புப் பெட்டியிலும் அதே ஆறு சில்லறை உண்டு, ஆனால் தங்கம் இருக்க வேண்டிய குழியில் வெள்ளிப் பதக்கம்தான் இருக்கும்.

நான் முதலில் வாங்கியது உதிரி நாணயம். விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் விளிம்பில் பற்றவைத்த தடம், யாரோ சங்கிலியில் டாலராகக் கோர்த்துப் போட்டிருந்திருக்கிறார்கள். எடைக்கு உண்டான காசு திரும்பி வரும், சேகரிப்பவர் யாரும் அதைத் தொடமாட்டார். அதனால் விளிம்பை முழுச் சுற்றும் பாருங்கள், தராசில் வையுங்கள், விட்டம் 27 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து புளி போட்டோ பற்பசை போட்டோ தேய்க்காதீர்கள். செம்பு கலந்த தங்கத்தில் சில சமயம் சிவப்புப் புள்ளி வரும், வெள்ளிச் சில்லறைகளும் கறுக்கும், வரட்டும். தேய்த்த கீறல் போகவே போகாது.

2017ல் 150வது ஆண்டுக்கும் விதவிதமாக வெளியிட்டார்கள். அதில் எதையாவது வாங்குவதானால் அன்றைய தங்க விலையைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.