ஃப்ரிட்ஜ்ல ஒட்டுன அஞ்சு வார்த்தை

கேள்வி: ஜவுளிக்கடை வச்சிருக்கேன். வயசு 41. காலைல கடை, ராத்திரி போன், தூக்கம், மறுபடி கடைன்னு பத்து வருஷமா ஒரே தடத்துல சுத்திக்கிட்டு இருக்கேன். நமக்கான விழுமியங்கள் எதுன்னு கண்டுபிடிச்சு தினமும் அதும்படி நடந்தா இதுலேர்ந்து வெளிய வந்துரலாம்னு ஒரு வகுப்புல சொன்னாங்க. நேர்மை, குடும்பம், ஆரோக்கியம், நன்றி, வளர்ச்சின்னு அஞ்சு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி மூணு மாசம் ஆச்சு. ஒண்ணும் மாறலை. எங்க தப்பு?
- வாசகர், காரைக்குடி

பதில்: விழுமியம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வார்த்தையைப் பாத்ததுமே எனக்கு உங்க கேள்வி பாதி மறந்துபோச்சு. வேல்யூஸ்னு நீங்க எழுதியிருந்தா ரெண்டு வரியில பதில் சொல்லி முடிச்சிருப்பேன். விழுமியத்துக்கு உறவா விழுமம்னு ஒரு பழைய சொல் இருக்கு. தொல்காப்பியம் உரியியல்ல அதுக்கு மூணு பொருள் சொல்லியிருக்கு: சீர்மை, சிறப்பு, இடும்பை. இடும்பைன்னா துன்பம். 107வது குறள்ல 'விழுமந் துடைத்தவர் நட்பு'ன்னு வருதே, அங்கயும் விழுமம்னா துன்பம்தான். மேன்மையையும் கஷ்டத்தையும் ஒரே சொல்லுக்குள்ள போட்டு வச்சிருக்காங்க, அதை நினைக்கிறப்பல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். உங்க வகுப்புல முதல் ரெண்டை சொல்லிக் குடுத்துட்டு மூணாவதை விட்டுட்டாங்க. ஃப்ரிட்ஜ்ல இருக்கிற பேப்பர்லயும் அது இல்லை.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த மூணு மாசத்துல அந்த அஞ்சு வார்த்தையில ஏதாவது ஒண்ணுக்காக எதையாச்சும் இழந்தீங்களா? ஒரு வியாபாரம், ஒரு மணி நேரத் தூக்கம், கூட்டாளி ஒருத்தரோட சிரிச்ச முகம், ஏதோ ஒண்ணு? இழக்கலைன்னா நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஜவுளிக்கடைன்னு வேற சொல்லிட்டீங்க, அப்புறம் கண்டாங்கியைப் பத்திப் பேசாம என்னால நகர முடியாது, இந்தப் பக்கத்தை ரொம்ப நாளா படிக்கிறவங்களுக்கு இது தெரியும். பெரிய கட்டம், அகலக் கரை, கெட்டிப் பருத்தி, குழித்தறியில உக்காந்து கையும் காலும் சேந்து நெய்யுற சேலை. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு, அன்னிக்கு எனக்கு எங்க வீட்டுக் கல்யாணம் மாதிரி சந்தோஷம். ஆனா அதே கட்டத்தையும் அதே கரையையும் பவர்லூம்ல அடிச்சு அடுக்கி வச்சு கைத்தறி விலையில விக்கிறாங்க, நாலு சந்து தள்ளி தறிக்காரர் வீட்டுப் பையன் வேற வேலை தேடி திருப்பூருக்கு பஸ் ஏறுறான். இதை நான் எழுதினதுக்கு ஒரு கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்திட்டார், பேச்சையும் நிறுத்திட்டார். திரும்பத் திரும்ப எழுதத்தான் போறேன்.

உங்க கடையில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது, உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா சனி ஞாயிறுல பழைய வீடு பாக்க வந்த ஒரு அம்மா சேலையைத் தடவிப் பாத்துட்டு "இது கைத்தறிதானே?"ன்னு உங்களையும் கேட்டிருப்பாங்க. அவங்க கேட்டதுக்கும் நீங்க வாயைத் தொறக்கிறதுக்கும் நடுவுல ஒரு ரெண்டு செகண்ட் இருக்கு பாருங்க, நீங்க எழுதி வச்ச நேர்மை அங்கதான் நிக்குது. "இல்லம்மா, இது பவர்லூம், கைத்தறி வேணும்னா அந்த அலமாரில இருக்கு, விலை கூட"ன்னு சொல்லி, அவங்க ரெண்டையும் வாங்காம எந்திரிச்சுப் போனா அதுதான் மூணாவது பொருள், இடும்பை.

எங்க அப்பச்சி சின்னதா ஒரு பலசரக்குக் கடைதான் வச்சிருந்தாக. ராத்திரி கடை எடுத்து வைக்கிறப்ப லாபத்தை எண்ணுறதுக்கு முந்தி அன்னாடக் கணக்குச் சிட்டையில மகமைன்னு, அதாவது சாமிக்கும் தர்மத்துக்கும் ஒதுக்குற பங்குன்னு, ஒரு வரி எழுதிருவாக. பர்மா, மலேயா, சிலோன்னு கொண்டுவிக்கப் போன காலத்துலயே பேரேட்டுல சாமி பேருல ஒரு கணக்கு வச்சு மகமையை ஒதுக்குற ஊர் இது, அந்தப் பழக்கம் சின்னக் கடைக்கும் வந்திருந்துச்சு. மழை பெஞ்சு கடையில ஈ ஓட்டுற நாள்ல கூட அந்த வரி இருக்கும், பத்து பைசான்னாலும் இருக்கும். தர்மம்ங்கிற வார்த்தையை அவுக வாயால நான் கேட்டதே இல்லை. அவுக போனதுக்கு அப்புறம் அந்தச் சிட்டைகளைப் புரட்டினா ஒரு நாள் கூட விடுபடலை, நான் உக்காந்து அழுதுட்டேன்.

ஒரே தடம்னு சொன்னீங்கல்ல. பக்கத்துல கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர் இருந்தார், போர்டு எழுதுற ஓவியர். பழைய புஸ்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவங்க எடைக்குப் போடுறதையெல்லாம் வருஷக்கணக்கா தேடித் தேடி வாங்கிச் சேத்தார். வெளியேர்ந்து பாத்தவங்களுக்கு அவர் நாளும் உங்க நாள் மாதிரி நேத்து மாதிரியே இன்னிக்கும்னுதான் தெரிஞ்சிருக்கும். 1992ல அவர் காலமானப்ப சேந்திருந்தது சுமார் ஒரு லட்சம் உருப்படி. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994ல சென்னையில அவர் பேருலயே நூலகம் வந்துச்சு, இன்னிக்குத் தமிழ்ல ஆராய்ச்சி பண்றவங்க அங்க போகாம இருக்க முடியாது. காரைக்குடிப் பிள்ளைங்க எத்தனை பேருக்கு இது தெரியும்னு நினைச்சா எனக்கு ஆத்தாமையா இருக்கு, அதைத் தனியா எழுதணும்.

நீங்க கடையை மாத்த வேண்டாம், ஊரையும் மாத்த வேண்டாம். அஞ்சுல நாலை கிழிச்சுப் போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம். நேர்மையை மட்டும் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்துக்கிட்டுப் போய் கல்லாப்பெட்டி மூடியில உள்பக்கமா ஒட்டுங்க. ராத்திரி கணக்கு முடிக்கிறப்ப ஒரு வரி எழுதுங்க, இன்னிக்கு இதுக்காக என்ன போச்சுன்னு. ஒண்ணும் போகலைன்னா பூஜ்யம் போடுங்க, பொய் எழுத வேண்டாம். நாள் எப்படி மாறுதுன்னு அந்தச் சிட்டையே உங்களுக்குக் காட்டும்.

ஒரு மாசம் கழிச்சு அதை எடுத்துக்கிட்டு நம்ம ஆபீஸ் பக்கம் வாங்க, படிக்கணும்னு எனக்கு ஆசை. வர்றப்ப குழித்தறியில நெய்ஞ்ச கண்டாங்கி ஒண்ணு, அரக்குச் சிவப்புல, எடுத்துட்டு வாங்க, வீட்டுல ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காக. முழு விலை குடுத்துருவேன்.