பாதியில் எழுந்து வந்தவர் சொல்லும் தீர்ப்பு

கேள்வி: எங்கள் அம்மாப்பேட்டை நண்பர்கள் சிலர் (ஒருவர் தறி ஓட்டுகிறார், ஒருவர் வங்கியில் இருக்கிறார், ஒருவர் பள்ளி ஆசிரியை) சேர்ந்து கல்யாண மண்டபத்தில் ஒரு நாடகம் போட்டார்கள். டிக்கெட் நூறு ரூபாய். பிடிக்கவில்லை, இடைவேளையில் கிளம்பிவிட்டேன். "படு சொதப்பல், நேரம் வீண்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். "வேலை முடிஞ்சு ராத்திரி ராத்திரியா ஒத்திகை பார்த்துப் போடுறோம், எங்களைப் போயா விமரிசனம் பண்றே?" என்று பேச்சையே நிறுத்திவிட்டார்கள். இப்படிச் சம்பளமில்லாமல் ஆசைக்குப் போடும் அமெச்சூர் நாடகத்தை விமரிசிக்கக் கூடாதா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: தாராளமாக விமரிசிக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியது விமரிசனம் ஆகாது. "படு சொதப்பல்" என்பதைப் படித்துவிட்டு அவர்கள் எதைத் திருத்துவார்கள்? வசனத்தையா, விளக்கையா, மைக்கையா? அதோடு, இரண்டாம் பாதியைப் பார்க்காதவர் முழு நாடகத்துக்கும் தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. ராத்திரி கண்விழித்தது பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. அந்த உழைப்புக்கு மரியாதை என்பது, மேடையில் நடந்ததை ஒருவர் கவனமாகப் பார்த்து, பார்த்ததை அப்படியே சொல்வதுதான். "பாவம், ஆசைக்குப் பண்றாங்க" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறவர் அவர்களை நடிகர்களாகவே மதிக்கவில்லை.

ஏற்காடு சாலையில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ தொடங்கிய ஊர் நம்முடையது. அந்தக் காலத்து நடிகர்களில் பலர் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் சிறு வயதிலேயே சேர்ந்து வளர்ந்தவர்கள். அங்கே வாத்தியார் இருந்தார். பாட்டில் சுருதி விலகினாலும் வசனத்தில் ஒரு சொல் தவறினாலும் அன்றைக்கே திருத்தினார். அமெச்சூர் குழுவுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? இயக்குநரே நடிப்பார், அவரே செட்டுக்கு ஆணி அடிப்பார். எதிரே உட்கார்ந்து முழுதாகப் பார்க்கிற ஒரே ஆள் பார்வையாளர். அவரும் வாயை மூடிக்கொண்டால் அடுத்த நாடகத்திலும் அதே பிழைதான் வரும்.

அமெச்சூர் என்றால் அரைகுறை என்று யார் சொன்னது? தமிழ் நாடக முன்னோடி பம்மல் சம்பந்த முதலியாருக்குத் தமிழ் நாடகம் என்றாலே முதலில் இளப்பம்தான். 1891இல் பெல்லாரியிலிருந்து வந்த குழுவின் நாடகத்தைச் சென்னையில் பார்த்தார். படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் மேடையேறி நடித்தது அவர் மனத்தை மாற்றியது. அதே ஆண்டு நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபை என்ற அமெச்சூர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பிறகு வக்கீலானார், நீதிபதியானார், நாடகத்தை விடவில்லை. நடிப்பில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று தனி நூலே எழுதினார். சம்பளம் வாங்காதவர்கள்தான், தரத்தில் அவர்கள் சலுகை கேட்கவில்லை.

சரி, எதைச் சொல்லலாம்? நம் ஊர் மேடைகளில் நான் ஓயாமல் பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். நடிகர்கள் வாக்கியத்தைக் கணீரென்று தொடங்கி, முடிவில் குரலை விழுங்கிவிடுகிறார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. வந்தானா வரவில்லையா, கொடுத்தாளா மறுத்தாளா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. அது காதில் விழாவிட்டால் காட்சியே புரியாது. கல்யாண மண்டபத்தில் எதிரொலி வேறு. சேலத்து வெயிலுக்கு மின்விசிறியை நிறுத்தவும் முடியாது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய உங்கள் நண்பரின் குரல் கடைசி வரிசைக்கு எட்டியதா, ஆசிரியையின் குரல் எட்டியதா? இதைக் கவனித்து எழுதியிருந்தால் அடுத்த ஒத்திகையிலேயே அவர்களுக்குப் பயன்பட்டிருக்கும். காட்சி மாறும்போது இருட்டில் எவ்வளவு நேரம் காத்திருந்தோம், பக்கத்திலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் குரல் கேட்டதா, யார் சபைக்கு முதுகு காட்டிப் பேசினார்கள்... இவையெல்லாம் திருத்தக்கூடியவை. ஒருவருடைய முகவெட்டும் உயரமும் திருத்தக்கூடியவை அல்ல, அவற்றைத் தொடாதீர்கள்.

நம் மாவட்டத்துக் கிராமங்களில் விடிய விடியக் கூத்துப் பார்க்கும் பெரியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கதை அவர்களுக்கு மனப்பாடம். பாட்டில் ஓர் அடி விட்டுப்போனாலும் தெரிந்துவிடும். வேஷக்காரரிடம் அதைக் கூசாமல் சொல்வார்கள், ஆனால் விடியும்வரை உட்கார்ந்திருந்து பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அதனால்தான் கூத்துக்காரர் கோபித்துக்கொள்வதில்லை.

ஆகவே, நண்பர்களைப் போய்ப் பாருங்கள். பாதியில் எழுந்து வந்ததற்கும் ஊர் பார்க்கக் குழுவில் எழுதியதற்கும் மன்னிப்புக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றதற்குக் கேட்க வேண்டாம். மறுபடி அந்த நாடகத்தைப் போட்டால் டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்காருங்கள், திரை விழும்வரை இருங்கள். அன்றிரவே எதுவும் சொல்லாதீர்கள், வேஷம் கலைக்கும் நேரத்தில் யாருக்கும் எதுவும் ஏறாது. இரண்டு நாள் கழித்து இயக்குநரைத் தனியே சந்தித்து, எந்தக் காட்சியில் எந்த வசனம் கேட்கவில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள்.