அந்தப் பல்லாங்குழியைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. மாதத்தில் ஒரு ஞாயிறு செல்போன், டேப், டிவி எதுவும் கிடையாது என்று முடிவு செய்தோம். முதல் ஞாயிறு அம்மாபேட்டையில் தனியாக இருக்கும் என் மாமியார் வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் பரணைக் குடைந்து, என் கணவர் சின்ன வயதில் விளையாடிய பம்பரம், கோலிகுண்டு, தீப்பெட்டிப் படங்கள், தறியில் நூலோடு ஓடித் தேய்ந்த பழைய நாடாக் கட்டை எல்லாவற்றையும் எடுத்தார்கள். பல்லாங்குழி மட்டும் அத்தையின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கக் குழிகளில் ஏழு, ஆறு, ஐந்து என்று புளியங்கொட்டை குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்து, "இது என்ன கணக்கா?" என்று மகன் கேட்க, சிரித்துவிட்டோம். கொட்டை போதாததால் அதை மட்டும் ஆட முடியவில்லை. அத்தைக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனாலும் மற்றதெல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். சாயங்காலம் வரை யாரும் போனைத் தேடவில்லை. எல்லாச் சாமானையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டோம். அடுத்த மாத ஞாயிறு எங்கள் வீட்டில் அரை மணி நேரம்கூட ஓடவில்லை. டேப் கேட்டு அழுகை. ஆர்வம் குறையாமல் இருக்க என்ன செய்வது? ஆன்லைனில் மரப் பொம்மை செட் வாங்கலாமா?

பதில்: செட் வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பல்லாங்குழியை இன்று சாயங்காலமே அம்மாபேட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

டேப் கேட்டு அழும் பிள்ளைகளைப் பற்றி எனக்கு வாராவாரம் கடிதம் வருகிறது. ஊர் மாறும், வயது மாறும், மற்றபடி ஒரே கடிதம்தான். உங்களுடையதையும் அப்படித்தான் வாசித்துக்கொண்டு போனேன். 'ஏழு, ஆறு, ஐந்து' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

உங்கள் மகன் சரியாகத்தான் கேட்டான், நீங்கள்தான் சிரித்துவிட்டீர்கள். இரண்டு பேர் ஆடினால் பக்கத்துக்கு ஏழாக 14 குழியிலும் சமமாகக் காய் போட்டுத் தொடங்குவார்கள். ஒரு பக்கம் மட்டும் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று போட்டிருந்தால் அது வேறு ஆட்டம், ஒருவர் தனியாக ஆடுவது. சீதைப் பாண்டி என்பார்கள். அசோகவனத்தில் துணைக்கு ஆளில்லாத சீதை ஆடியதாம். ஏழு உள்ள குழியை வழித்து எடுத்து அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசிக் குழி வந்ததும் முதல் குழிக்குத் திரும்ப வேண்டும். கடைசிக் காய், எடுத்த குழியிலேயே விழும். வரிசை குலையாமல் ஒரு குழி தள்ளி நிற்கும்: 1, 7, 6, 5, 4, 3, 2. மறுபடி ஏழை எடுக்க வேண்டியது. இப்படி ஏழு தடவை எடுத்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். இதில் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது, ஆட்டம் முடியவும் முடியாது. மொத்தம் 28 கொட்டை போதும். உங்கள் மாமியாரிடம் அதற்கு மேல் இல்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பம்பரமும் கோலியும் பரணில் கிடந்தன, யாரும் தொடுவதில்லை என்பதால். பல்லாங்குழி கை எட்டும் இடத்தில் இருந்தது, குழியில் காய் போட்டபடி. அதை யார், எப்போது, யாரோடு ஆடுகிறார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. காயைக் கொட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள். அத்தை தடுக்கவில்லையே என்பீர்கள். பேரன் கையில் எடுத்ததை வை என்று சொல்ல எந்தப் பாட்டிக்கு வாய் வரும்?

உங்கள் கணவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் அவர் ஒரே இடத்தில்தான் வருகிறார், பம்பரத்தின் சொந்தக்காரராக. அது அவரைப் பெற்ற அம்மா இருக்கும் வீடு. உங்கள் வீடும் அந்த வீடும் ஒரே ஊர், டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம். போனை அணைத்து வைக்க ஒரு நாள் குறித்த பிறகுதான் அங்கே போகத் தோன்றியதா? அதற்கு முன்பு எப்போது போனீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மருமகள்தான் மாமியாரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மகன் போகட்டும். வாரத்தில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து, பையனையும் கூட்டிக்கொண்டு. பெற்றவளுக்கு வாரம் ஒரு சாயங்காலம் தர முடியாத அளவுக்கு யாருக்கும் வேலை இருப்பதாக நான் நம்புவதில்லை. இதைப் பழைய பஞ்சாங்கம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஞாயிறு ஏன் ஓடவில்லை என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. சாமானைக் கொண்டுவந்தீர்கள், ஆளை அங்கேயே விட்டுவிட்டீர்கள். பம்பரத்தின் ஆணி டைல்ஸில் ஒரு குத்துக் குத்தினால் நீங்களே பிடுங்கி வைத்துவிடுவீர்கள். கோலிக்குக் குழி வேண்டும், அடுக்குமாடியில் எங்கே தோண்டுவது? அந்த நாடா எந்தத் தறியில் ஓடியது, யார் கை பட்டுத் தேய்ந்தது, அது எப்படி ஒரு சின்னப் பையனின் விளையாட்டுச் சாமானாக ஆனது என்று சொல்லத் தெரிந்தவர் அம்மாபேட்டையில் இருக்கிறார். அழகாபுரத்தில் அது வெறும் கட்டை. அன்றைக்கு நீங்களோ உங்கள் கணவரோ பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு ஆட்டமாவது ஆடினீர்களா? எழுதவில்லை. இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

'காது சரியாகக் கேட்காது' என்று நரைமுடியைச் சொல்வதுபோல் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். டாக்டரிடம் காட்டினீர்களா? காதில் அழுக்கு அடைத்திருந்தால்கூடக் கேட்காது. கருவி தேவைப்படும் காதாகவும் இருக்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஞாயிறு வரை காத்திருக்காமல் ஒரு வேலை நாளில் உங்களில் ஒருவர் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். பொம்மை செட்டுக்கு எடுத்து வைத்த பணம் ஆட்டோவுக்கு ஆகும்.

நம் வீட்டுக்கே அழைத்துவந்துவிடலாமே என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். கேட்டுப் பாருங்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்தத் தெருவில் முகம் தெரிந்த நாலு பேராவது இருப்பார்கள், உங்கள் லிஃப்டில் யாரைத் தெரியும் அவருக்கு? பிள்ளைகளைச் சனிக்கிழமை ராத்திரி அங்கே விடுங்கள். போன் விஷயம் பாதி அங்கேயே தீரும். மீதிப் பாதி உங்கள் இருவர் கையில் இருக்கும் போன். அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள், தனியாகத் திட்டுகிறேன்.

இன்று வெறும் பலகையாகக் கொடுக்க வேண்டாம். குழிக்கு ஐந்து வீதம் இரண்டு பேர் ஆட 70 கொட்டை வேண்டும். இருக்கிற 28 போக இன்னும் 42. கொட்டை எடுத்த புளி வாங்குகிற வீடாக இருந்தால், செவ்வாய்ப்பேட்டையில் கொட்டையோடு அரைக் கிலோ வாங்கி, பிள்ளைகளையே கொட்டை எடுத்துக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணுவதை மகளிடம் விடுங்கள், ஆறு வயதுக்கு 42 வரை வரும்.