கோழி இறகிலிருந்து என்சைம்: டிரம்மில் எடுக்க முடியுமா?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம் பிராய்லர் பண்ணையும் கறிக்கடையும் நடத்துகிறேன். தினமும் நூறு கோழி அறுக்கிறோம். இறகை நுண்ணுயிரால் நொதிக்க வைத்து என்சைம் எடுத்து விற்கலாம் என்கிறார்கள். டிரம்மில் செய்ய முடியுமா?

பதில்: டிரம்மில் இறகைக் கரைக்கலாம். விற்கத் தகுந்த என்சைம், அதாவது இறகுப் புரதத்தைத் துண்டாக்கும் நொதி, அதில் கிடைக்காது. அந்த எண்ணத்தில் பணம் போடாதீர்கள்.

கோழியின் உயிர் எடையில் 5 முதல் 7 சதவீதம் இறகு. இரண்டு கிலோக் கோழி நூறு என்றால் நாளுக்கு 10 முதல் 14 கிலோ. உலர்ந்த இறகில் ஏறத்தாழ 90 சதவீதம் கெரட்டின் என்னும் புரதம். கந்தகப் பிணைப்புகள் அதை இறுகக் கட்டியிருப்பதால்தான் குப்பையில் கொட்டிய இறகு மாதக்கணக்கில் மக்காமல் கிடக்கிறது. பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பைத் தளர்த்தி, கெரட்டினேஸ் என்னும் என்சைமால் புரதத்தைத் துண்டாக்குகின்றன. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இப்படியொரு பாக்டீரியாவைக் கோழிக்கழிவை நொதிக்க வைக்கும் கலனிலிருந்தே பிரித்தெடுத்து 1990 வாக்கில் வெளியிட்டார்கள்.

ஆய்வகத்தில் லிட்டருக்கு 10 கிராம் போலக் கழுவிய இறகைப் போட்டு, கிருமி நீக்கி, தேர்ந்த பாக்டீரியாவைச் சேர்த்து, 37 முதல் 50 டிகிரி வெப்பத்தில் காற்றுப்படக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். சில நாளில் இறகு கரையும். என்சைம் அந்த நீரில் இருக்கும். அதை வடித்து, செறிவாக்கி, குளிரில் காக்க வேண்டும். உங்கள் டிரம்மைத் திறந்து வைத்தால் இறகோடு வந்த சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமியும் வளரும்; மூடினால் காற்றில்லாமல் அழுகிய முட்டை நாற்றம் எழும். மார்கழி இரவுக் குளிரில் வேலை மந்தமாகிவிடும். தோலிலிருந்து முடி நீக்க இந்த என்சைமை வாங்கக்கூடிய தோல் பதனிடும் ஆலைக்காரர்களோ ஒவ்வொரு முறையும் ஒரே வீரியத்தைக் கேட்பார்கள்; டிரம்மில் அது வராது.

ஆனால் அந்த இறகில் 15 சதவீதம் அளவுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது, அதை விடாதீர்கள். மக்க வையுங்கள். இறகு தண்ணீரை ஒட்டவிடாது என்பதால் முதலில் ஓரிரு நாள் ஊற வையுங்கள். உலர்ந்த இறகு ஒரு கிலோவுக்குப் பத்து கிலோ வைக்கோல் வேண்டும். இது அதிகமாகத் தோன்றும். குறைத்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்து பக்கத்து வீட்டாரின் புகாராகத் திரும்பும். கொஞ்சம் தொழுவுரம் சேர்த்தால் நுண்ணுயிர்கள் தாமே வரும். பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வருகிற ஈரம் போதும். குவியலின் உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டி மூன்று நாளாவது நிற்க வேண்டும். அதில்தான் நோய்க்கிருமி சாகும். ஆறியதும் கிளறி, ஓரத்தில் கிடந்ததை நடுவுக்குத் தள்ளுங்கள்.

இறகைக் கரைத்த நீரை உங்கள் கோழிகளுக்குக் கொடுக்கவே கூடாது. நோய் பண்ணைக்குள்ளேயே சுற்றி வரும். பச்சையாக உண்ணும் கீரையிலும் தெளிக்காதீர்கள்.

என்சைம் ஆசை விடவில்லையென்றால் ஆடுகோடியில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்திலோ, ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பேசிப் பாருங்கள். இறகை ரத்தமும் கொழுப்பும் போகக் கழுவி உலர்த்தி, ஒரு பை எடுத்துச் செல்லுங்கள்.