ஹாலோவே சானடோரியத்துக்குள் போய்ப் பார்க்க முடியுமா?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் எகாம் ஊரில் ராயல் ஹாலோவே கல்லூரியில் படிக்கிறாள். பக்கத்தில் அரண்மனை போன்ற பழைய மனநல மருத்துவமனை இருக்கிறதாமே, உள்ளே பார்க்க விடுவார்களா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்வது வர்ஜீனியா வாட்டரில் உள்ள ஹாலோவே சானடோரியம், எகாமிலிருந்து அடுத்த ஸ்டேஷன்தான். ஆனால் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. 1980ல் மருத்துவமனையை மூடினார்கள், பிறகு பல வருடம் பாழடைந்து கிடந்தது, 90களில் பழுதுபார்த்துக் குடியிருப்பாக்கிவிட்டார்கள். இப்போது வாசலில் காவல் உண்டு. வருடத்தில் சில நாட்கள் மட்டும் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள், செப்டம்பரில் வரும் பாரம்பரியக் கட்டட நாட்களை ஒட்டி விசாரித்துப் பாருங்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் முதலில் நுழைவுக்கூடத்தையும் மாடிப்படியையும் நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் நேராக மேலே பெரிய ஹாலுக்கு ஓடிவிடுவார்கள். மாத்திரையும் களிம்பும் விற்றுப் பெரும் பணக்காரரான தாமஸ் ஹாலோவே இதைக் கட்டியது பிரபுக்களுக்காக அல்ல, ஏழைகளுக்கான அரசு மனநல விடுதிக்குப் போக மனமில்லாத, தனியார் மருத்துவமனைச் செலவும் தாங்காத நடுத்தர வர்க்கத்துக்காக. வெற்றுச் சுவர் நோயாளியைத் தனக்குள்ளேயே முடக்கிவிடும், கண்ணுக்கு வேலை கொடுத்தால் மனசு கொஞ்சம் திரும்பும் என்ற எண்ணத்தில்தான் சுவர், கூரை என்று ஓரிடம் விடாமல் வண்ணமும் தங்கப்பூச்சும் இழைத்திருக்கிறார்கள், அதாவது அலங்காரமே சிகிச்சையின் ஒரு பகுதி. என்னைக் கேட்டால் அந்தப் படிக்கட்டு கொஞ்சம் ஓவர்தான். மனம் கலங்கியவர் தினமும் ஏறி இறங்கும் இடத்தில் அத்தனை விசித்திர உருவங்கள் எதற்கு?

அப்புறம் பெரிய ஹால். அண்ணாந்து பார்த்தால், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், சுவரிலிருந்து நீளும் மரக்கைகளே அந்த உயரமான கூரையைத் தாங்குவது தெரியும். சுவரில் புகழ்பெற்ற மனிதர்களின் உருவப்படங்கள். கச்சேரியும் பொழுதுபோக்கும் நடந்த இடம் இது. பழைய சாப்பாட்டு ஹாலில் இப்போது நீச்சல் குளம்.

தேதி ஒத்துவராவிட்டால் வருத்தம் வேண்டாம். சானடோரியத்தை வடிவமைத்த கிராஸ்லண்ட்தான் உங்கள் மகளின் கல்லூரிக்கும் கட்டடக் கலைஞர், சானடோரியம் திறந்தது 1885ல், கல்லூரி அடுத்த வருடமே. கல்லூரியில் உள்ள தேவாலயத்தின் கூரையைப் பார்த்தாலே இந்த ஆட்களின் ரசனை பிடிபட்டுவிடும். ஹாலோவே வாங்கிச் சேர்த்த ஓவியங்களுக்கும் அங்கே தனிக்கூடம் இருக்கிறது, எல்லா நாளும் திறந்திருக்காது, மகளிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.