பேஸ்பால்ல .300 ஆவரேஜ் இருந்தாலே ஏன் ஸ்டார்ங்கறாங்க?

பேட்டிங் ஆவரேஜ்னா பத்து தடவ ஆடி எத்தன ஹிட்டு (பந்த அடிச்சு அவுட் ஆகாம பேஸுங்கற எல்லைக்கு ஓடிச் சேர்றது)ங்கற கணக்கு, மூணுன்னா .300. ஏன் இம்புட்டு கம்மினா, 18 மீட்டர்ல இருந்து 150 கி.மீ. வேகத்துல வர்ற பந்துக்கு அரை செகண்டு கூட டைம் இல்ல, அடிச்சாலும் பீல்டர்ட்ட சிக்காம பேஸுக்கு ஓடணும். அலங்காநல்லூர்ல பத்து காளைல மூணு காளை திமில விடாம புடிச்சவன் எப்பேர்ப்பட்ட ஆளு, அப்டித்தான். அமெரிக்காவோட டாட்ஜர்ஸ் டீம்ல ஆடுற ஒட்டானி 2024ல .310, கூடவே 54 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 59 ஸ்டீல் (பந்த அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் புடிக்கிறது), டாட்ஜர்ஸ் ரசிகனா சொல்றேன் அவன் மனுசனே இல்லப்பா. அமெரிக்க மேஜர் லீக்ல சீசன் 162 மேட்ச், ஜூலைல ஒருத்தன் .240ல நின்னா உடனே தூக்குனு கத்தாதீங்க, ரெண்டு வாரம் வெளுத்தா .260 பக்கம் வந்துருவான். அப்புறம், வாக்ல (நாலு பந்து தப்பா வீசுனா சும்மாவே அனுப்புறது) பேஸுக்குப் போனா ஆவரேஜ் கொறையும்னு நெனைக்கிறாங்க, அது இந்தக் கணக்குலயே வராது.